என் கண்ணுக்குப் பூ கேட்டோம்

நான் செத்த பிறகு கண், கிட்னி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம் என்று போன மாதம் உறுப்பு தான முகாமில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அங்கிருந்த நர்சம்மா, "நீங்க எழுதுனா மட்டும் பத்தாதுங்க. கடைசியில உங்க ஊட்டுக்காரம்மா சரின்னு சொல்லோணும்" என்றார்.

வீட்டம்மா சொல்வதாயில்லை. "அடுத்த பொறப்புல கண்ணில்லாம பொறந்தீங்கன்னா ஆருங்க பாத்துக்குவா?" என்று ஒரு மாதமாக ஒரே அழுகை.

இன்று காலை திடீரென்று, "அம்மன்கிட்டப் பூக் கேட்டுப் பாக்கலாமுங்க" என்றாள். வெள்ளைப் பூ வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். அவளே இரண்டு பொட்டலம் கட்டினாள். கோயிலில் பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை அரளி!

திரும்பும்போது பஸ்ஸில் மிச்சப் பொட்டலத்தைப் பிரித்தேன். அதிலும் வெள்ளை.

"ஏம்புள்ள, சாமியவே ஏமாத்திப்போட்டியா?"

"நீங்க ஆசப்பட்டுட்டீங்க. சாமி வேண்டாம்னு சொல்லிப்போட்டா நான் என்னங்க பண்ணுவேன்?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் விடவில்லை. "நாக்க மட்டும் ஆருக்கும் குடுத்துராதீங்க. அந்த ஊட்டுப் பொம்பள பாவம்!"

முன் சீட்டுக்காரர் வரைக்கும் சிரித்துவிட்டார்.

உங்கள் வீட்டில் இதைப் பேசியாச்சா? எதை மட்டும் கொடுக்கக் கூடாது என்றார்கள்?