ஆளில்லாமல் மின்னிய விளக்கு

காது கேளாதோர் உதவி மையத்தில் அவளை எல்லாரும் மணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாசலில் பொத்தானை அழுத்தினால் வீட்டுக்குள் விளக்கு மின்னும் அழைப்பு மணியை அவர்களுக்குப் பொருத்திக் கொடுப்பவள் அவள். ஆஸ்பத்திரி, வங்கி, போலீஸ் என்று அவர்களோடு போய் மல்லுக்கட்டுவதும் அவள்தான். சின்ன வயதுக் காய்ச்சலில் அவளுக்கே ஒரு காது போய்விட்டது, மற்றதில் கருவி. யாராவது வெட்டிக்கதை அளந்தால் கருவியை அணைத்துவிட்டுத் தலையாட்டுவாள். அந்தத் தலையாட்டல் அவள் புருஷனுக்கு அத்துப்படி.

ஒருநாள் தையல்காரரின் மகள் மையத்துக்கு வந்தாள்.

"அக்கா, நீங்க மாட்டின விளக்கு அதுபாட்டுக்கு மின்னுதாம். அப்பா ஓடி ஓடிக் கதவத் திறக்குறாரு. வாசல்ல ஈ காக்கா இல்ல. அம்மாதான் வந்து நிக்கிறாங்கன்னு சைகையில சொல்றாரு. அம்மா போய் ஒரு வருஷமாச்சுக்கா! பேசாம ஹோம்ல சேத்துடலாமா?"

"சேக்குறது இருக்கட்டும். நான் வந்து பாக்குறேன்."

மறுநாள் மதியமே போனாள். மூன்று தளக் கட்டிடத்தில் நடுத்தளம். தையல்காரருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கதவை அகலத் திறந்து வைத்து, அதற்கு நேராக ஒரு காலி நாற்காலி போட்டிருந்தார். 'அவளுக்கு' என்றன அவர் கைகள்.

மணியக்கா வாசல் பொத்தானைக் கழற்றி, அதன் பேட்டரியை உருவித் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். உள்ளே விளக்கு மின்னியது.

விளக்கு நிற்கவில்லை, படபடவென்று, யாரோ உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அழுத்துவதுபோல் மின்னியது. தையல்காரர் காலி நாற்காலியைப் பார்த்துச் சிரித்தார்.

இது பக்கத்தில், இதே அலைவரிசையில் இயங்கும் வேறொரு பொத்தானின் சமிக்ஞை என்று அவளுக்கு மெல்ல உறைத்தது. கீழ்வீட்டுக்கு ஓடினாள். அங்கே மணியே இல்லை.

"மேல் வீடு?"

"அங்க யாரும்மா?" என்றார் கீழ்வீட்டுக்காரர். "காலையில பூட்டிட்டுப் போனா அந்தாளு ராத்திரிதான் வருவாரு. ஒண்டிக்கட்டை."

மேல்தளத்தில் கதவு வெளியே பூட்டியிருந்தது. கூடவே ஏறி வந்த தையல்காரர் குனிந்து கதவின் அடிப்பக்கம் உள்ளங்கையை வைத்தார். அவர் முகம் வெளிறியது. 'தட்டுகிறார்கள்.'

பூட்டை உடைத்தார்கள். தரையில் ஒரு மனிதர் கிடந்தார். முன்னாள் பஸ் டிரைவர். வாதத்தில் ஒரு பக்கமும் பேச்சும் போனவர். கைக்குள் அழைப்புப் பொத்தான். அதன் மணிப்பெட்டியைச் சுவரிலிருந்து பிடுங்கிப் பரணில் போட்டிருந்தார்கள்.

"சும்மா சும்மா அடிக்கிறான், தலை வலிக்குது," என்றாராம் போலீஸில், வீட்டைப் பூட்டிவிட்டுப் போன டிரைவரின் அண்ணன்.

வழக்குப் போட்டு, டிரைவரை மறுவாழ்வு இல்லத்தில் சேர்க்கும்வரை மணியக்கா ஓயவில்லை. தையல்காரரை ஹோமில் சேர்க்கும் பேச்சு அத்தோடு போயிற்று. ஆனால் பூட்டை உடைத்த அன்று மாலை, 'அப்படியானால் அவள் வரவேயில்லையா?' என்று அவர் கேட்டபோது அவள் பேட்டரியைத் திரும்ப வாசல் பொத்தானில் போட்டு மூடினாள்.

சில மாதங்கள் கழித்து இருவரும் டிரைவரைப் பார்க்கப் போனார்கள். பேச்சு கொஞ்சம் திரும்பியிருந்தது.

"நான் அழுத்துறப்பல்லாம்... கீழ நீங்க... கதவத் திறக்குற சத்தம்... கேக்கும்."

மணியக்கா அதைச் சைகையில் சொன்னாள். தையல்காரர் எழுந்து, டிரைவரின் செயலிழந்த கையை எடுத்து மெதுவாக நீவிவிடத் தொடங்கினார்.