கக்கத்துக் கட்டையும் கேட்டுக் கம்பும்

மாரியாத்தா மேல சத்தியமா இதுல ஒரு வார்த்த பொய் கெடையாது. தோட்டத்துக் கேட்டுல காவல் இருக்கறவன் உக்காந்தே சம்பளம் வாங்குறான்னு நெனைக்கிறவங்க, மொதல்ல என் நல்ல காலக் கேளுங்க.

புக்கிட் பெலிம்பிங் பக்கம், ரப்பர அழிச்சுச் செம்பனை போட்ட தோட்டம். குலை வெட்டுறப்போ ஒண்ணு என் காலு மேலயே எறங்கிடுச்சு. மாவுக்கட்டு அவுத்தும் கால ஊன முடியல. கக்கத்துக் கட்டையோட போயி நின்னேன். ஆளுங்கள மேய்க்கிற கங்காணி, எங்க மண்டோர், கேட்டு வேல குடுத்தாரு. லோரி வந்தா கம்ப ஏத்தணும், போனா எறக்கணும். "ஆனா ஒண்ணுடா, தொரை காரு வந்தா எந்திரிச்சு நின்னு சலாம் போடணும். உக்காந்திருக்கறதப் பாத்தாரு, கேட்டும் போச்சு, தோட்டம் குடுத்த லயத்து வீடும் போச்சு!"

எந்தக் காலுக்கு எண்ணெ?

கட்ட புடிச்சு நடந்தவங்களுக்குத் தெரியும், உசுரு போறது ஒடஞ்ச காலுல இல்ல. சாயங்காலம் நல்ல கால நீட்டி, எண்ணெ தேச்சு விடுன்னா, பொண்டாட்டி செல்லம்மா மொறைக்கிறா. அந்தக் காலுதான் நாள் பூரா ஒடம்பத் தாங்குதுன்னு வெளக்குனேன். ஒரே போடு போட்டா: "அப்போ ஒடஞ்ச காலு தொரை மாதிரி சும்மா வருது, நல்ல காலுதான் கூலி வேல பாக்குதுன்னு சொல்லுங்க!"

சேத்துல நட்ட கட்ட

மழ பேஞ்சா நம்ம பக்கத்து மண்ணு அல்வாதான். கட்டய ஊனுனா எறங்கிடும். புடுங்குறதுக்குள்ள நல்ல காலு கெஞ்சும். பிஸ்கட் டின்னு மூடிய அடியில ஆணி அடிச்சேன். எறங்கல, ஆனா ஆம மாதிரி நடை. பழ லோரி ஓட்டுற ஆ செங், ஹாரன அமுக்கிக்கிட்டே தலைய நீட்டுவான்: "அண்ணே, சீக்கிரம் லா! நீ வந்து தொறக்கறதுக்குள்ள பழம் இங்கயே எண்ணெயா போயிடும்!"

தொரைக்குப் போட்ட சலாம்

கேட்டுக் கம்போட அந்தப் பக்கம் கல்லு கட்டியிருக்கும். இந்தப் பக்கம் கயித்துல இழுத்துக் கட்டி வச்சிருக்கும், கயித்த விட்டா தானா ஏறும். நடந்து நடந்து காலு செத்துப் போச்சேன்னு ஒரு யோசன பண்ணேன். கயித்த கட்டயில கட்டி, தகர டின்னு மேல உக்காந்து, கட்டய தொடைக்கு அடியில சொருகிக்கிட்டேன். லோரி வந்தா கட்டய கையில புடிச்சபடி மெதுவா கயித்த விடுவேன். ராஜா வேல!

அன்னிக்குப் பாத்து ஆ செங் லோரிக்குப் பின்னாலயே தொரை காரு. பதறி எந்திரிச்சேன். கட்ட நழுவிடுச்சு. கம்பு ஏறுச்சு, கூடவே என் கட்டயும் ஏறி மேல ஊஞ்சலாடுது! நான் ஒத்தக் காலுல சலாம் போட்டு நிக்கிறேன். காலு தையல் மெசினு மாதிரி ஆடுது. கண்ணு முன்னால செல்லம்மா சட்டி பானைய மூட்ட கட்டுறா.

தொரை எறங்கி மேல பாத்தாரு, என் கால பாத்தாரு. பின்னால மோட்டர் சைக்கிள்ல வந்த மண்டோர கூப்புட்டாரு. "இவன் என் காரு மேல விழுந்தா யாரு தூக்குறது? ஆபீஸ் நாற்காலி ஒண்ணு கொண்டாந்து போடு. இனிமே உக்காந்தே சலாம் போடட்டும்."

காரு போனதும் மண்டோர் கம்ப எறக்கி, கட்டய அவுத்து என் கையில குடுத்தாரு. "வேலைக்குச் சேந்த நாள்லேருந்து நின்னுக்கிட்டுத்தான்டா சலாம் போடுறேன். எந்தக் கால ஒடைச்சா நாற்காலி கெடைக்கும், சொல்லு!"

காலு ஒடஞ்சாதான் நம்மள உக்காரச் சொல்றாங்க, அதனால கதைய ஓசியில கேட்டவங்க ஆளுக்கொரு தே தாரிக், நொர தள்ளுற இழுத்த டீ, வாங்கி வச்சிட்டு நகருங்க, இல்லேன்னா கம்பு ஏறாது!