மாமியார் எழுதிவைத்த குறைகள்

அந்த நூலகத்தில் அவளை எல்லோரும் மாமியார் என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கு மருமகளும் கிடையாது, மருமகள் வருகிற வயதில் மகனும் கிடையாது. பையனுக்கு இப்போதுதான் முன்பல் விழுந்திருக்கிறது. குற்றம் கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்பதால் வந்த பெயர் அது. வைத்தவள் அவளுடைய சிநேகிதி. இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நூலகப் படிப்பு படித்தவர்கள், ஒரே இடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒருத்தியின் சாப்பாட்டு டப்பாவில் இன்னொருத்தி கைவைக்க அனுமதி கேட்டதே இல்லை. சிநேகிதி பிறகு துணை நூலகர் ஆனாள். இவள் பட்டியல் பிரிவிலேயே இருந்தாள். அதனால் டப்பாவுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

மாமியார் மனிதர்களிடம் குற்றம் கண்டுபிடிக்கிற ரகம் இல்லை. அவள் பிடித்ததெல்லாம் மென்பொருளின் குற்றம். புத்தகம் கொடுப்பது, திரும்ப வாங்குவது, தேடுவது, முன்பதிவு என்று நூலகத்தையே நடத்திய அந்த மென்பொருள் ஓப்பன் சோர்ஸ் வகையைச் சேர்ந்தது. எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. பல ஊர் நூலகர்களும் கணினிக்காரர்களும் சேர்ந்து செய்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம். அதைக் கெஞ்சிக் கூத்தாடி இந்த நூலகத்துக்குக் கொண்டுவந்தவளே மாமியார்தான்.

அதற்கென்று ஒரு பொது வலைத்தளம் உண்டு. குறை கண்டவர் தன் பெயரைப் போட்டு அங்கே எழுத வேண்டும். ஊர் உலகமே படிக்கலாம். முகம் தெரியாத யாரோ அதைச் சரிசெய்து ‘தீர்ந்தது’ என்று கீழே போடுவார். முன்பதிவு செய்தவர்களில் முதல் ஆளை விட்டுவிட்டு மூன்றாம் ஆளுக்குச் செய்தி போகிறது, தமிழ்த் தலைப்புகள் அகர வரிசை தப்பி வருகின்றன, விடுமுறை நாளுக்கும் தாமதக் கட்டணம் விழுகிறது என்று மாமியார் வளைத்து வளைத்து எழுதினாள். சரியானதும் சோதித்துப் பார்த்து, ‘ஆம், தீர்ந்தது, நன்றி’ என்று எழுதவும் மறக்கமாட்டாள். மற்ற ஊர் நூலகர்கள் அவளுக்குப் போன் போட்டுச் சந்தேகம் கேட்பார்கள். அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவனுக்குத்தான் இது பிடிபடவில்லை.

“நாங்க லிஃப்ட்ல கோளாறுன்னா, ஆள் ஏறுறதுக்குள்ள சத்தமில்லாம சரி பண்ணிட்டுப் போவோம். நீ என்னடான்னா போர்டு எழுதி மாட்டறே.”

“மறைச்சா யார் சரி பண்ணுவா?” என்றாள் இவள்.

அந்த நியாயம் அவளுக்கு அவ்வளவு தெளிவாக இருந்தது. மற்றவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்ததுதான் தப்பு.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சிநேகிதி பேச்சை எடுத்தாள். “ஏண்டி, நிர்வாகக் குழு கூடுது. நம்ம மென்பொருள் பத்தி ஒரு அறிக்கை கேக்கறாங்க. நீ எழுதின குறை எல்லாத்தையும் திரட்டிக் கொடேன். பாத்தா ஒனக்கு ஒரு உதவியாளாவது போடுவாங்க.”

“தீர்ந்தது, தீராததுன்னு பிரிச்சே தரேன்.”

“கொடு. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

மாமியார் வீட்டுக்கு வேலையை எடுத்துப் போய், அடுப்பையும் பையனையும் கணவன் தலையில் கட்டிவிட்டு, ஒன்று விடாமல் தொகுத்தாள். தீர்ந்த ஒவ்வொரு குறைக்கும் எதிரே அது தீர்ந்த விவரம். தீராதவை கடைசிப் பக்கத்தில் நாலே நாலு. உதவிக்கு ஆள் வந்தால் எந்த மேசையில் உட்கார வைப்பது என்றுகூட யோசித்து வைத்துவிட்டாள்.

குழு கூடிய அறையில் முன்பின் தெரியாத ஒருவர் பளபளவென்று கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார். மென்பொருள் விற்கிற கம்பெனிக்காரர் என்றார்கள். சிநேகிதி எழுந்து திரையில் பட்டியலைப் போட்டாள். குறைகள் மட்டும் இருந்தன. எதிரே தீர்ந்த விவரம் இருந்த பாதி காணவில்லை.

“இதை நான் சொல்லல சார். இதைத் தினமும் பயன்படுத்தறவங்களே சொல்லியிருக்காங்க” என்று சிநேகிதி கையை நீட்டிக் காட்டினாள். எல்லாத் தலையும் திரும்பியது.

தலைவர் கேட்டார்: “இதெல்லாம் நீங்க எழுதினதுதானா?”

“ஆமா சார், ஆனா இதுல பெரும்பாலும்...”

“நீங்க எழுதினதா, இல்லையா?”

“நான் எழுதினதுதான்.”

கம்பெனிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தங்கள் மென்பொருளில் இதுவரை ஒரு குறைகூடப் பதிவானதில்லை என்றார். “பதிவு பண்ண இடம் எங்க வெச்சிருக்கீங்க?” என்று மாமியார் கேட்டாள். நல்ல கேள்வி. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கம்பெனி மென்பொருளுக்கு மாறச் சம்மதிப்பவர்களைக் கையைத் தூக்கச் சொன்னார்கள். சிநேகிதியின் கை எல்லோருக்கும் முன்னால் மேலே போனது.

வெளியே நடைபாதையில் மாமியார் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள். “ஏண்டி இப்படிப் பண்ணினே?”

சிநேகிதி பார்வையை விலக்கவில்லை. அதுதான் இவளை இன்னும் சுட்டது. “கம்பெனின்னா ஏதாவது ஒண்ணுன்னா அவங்களைக் கேக்கலாம். உன்னோடதுல யாரைக் கேக்கறது?”

“என்னைக் கேளு!”

“எல்லாரும் உன்னைத்தானே கேக்கறாங்க. துணை நூலகர்னு ஒருத்தி இங்க இருக்கறது யாருக்காவது ஞாபகம் இருந்துச்சா?”

இத்தனை வருஷமாக ஒரே டப்பாவில் சாப்பிட்டபடி இதை நெஞ்சுக்குள் வைத்திருந்தாளே என்று மாமியாருக்கு ஆறவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருக்கலாம். வீட்டுக்குப் போய்க் கணவனிடம் சொல்லி அழுதாள். அவனுக்குப் போர்டு ஞாபகம் வந்திருக்கும். நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை.

புது மென்பொருள் வந்தது. குறை இல்லாமலா வந்தது? வண்டி வண்டியாகக் கொண்டுவந்தது. ஆனால் கம்பெனியிடம் மட்டும்தான் சொல்ல வேண்டும், வெளியே மூச்சுவிடக் கூடாது என்று ஒப்பந்தம். திரை உறைந்துபோனால், “உங்க பக்கம் ஏதோ தவறு, மறுபடி முயற்சி பண்ணுங்க” என்று வாசகரிடம் சொல்லச் சொன்னார்கள். மாமியார் அதையும் சொன்னாள். சொல்லும்போது வாசகரின் முகத்தைப் பார்க்காமல் பழகிக்கொண்டாள்.

அப்படி ஒரு பிற்பகலில் வேறொரு ஊரின் கல்லூரி நூலகரிடமிருந்து போன் வந்தது. மாமியாரின் பேச்சை நம்பி அந்த இலவச மென்பொருளைத் தன் நூலகத்தில் போட்ட பெண். பக்கத்து மேசையில் சிநேகிதி புது மென்பொருள் பயிற்சிக்கு வந்தவர்களின் வருகைப் பதிவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ஒரு கம்பெனிக்காரர் வந்தாரு. நீங்க எழுதினதுன்னு குறைகளைக் காட்டினாரு. உங்க பேரு போட்டிருக்கு. நீங்களே வேண்டாம்னு தூக்கிப் போட்டுட்டீங்களாமே? எங்க முதல்வர் என்னைக் கூப்பிட்டுத் திட்டறாரு. எங்கிட்ட மட்டும் நல்லா இருக்குன்னு சொன்னீங்களே அக்கா, ஏன்?”

தன் பெயர் ஊர் ஊராகப் போய், தன் வார்த்தையை நம்பியவர்களின் தலையில் விழுந்துகொண்டிருக்கிறது என்று மாமியாருக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தத் தொகுப்பை அவள் ஒரே ஒருத்தியிடம்தான் கொடுத்திருந்தாள்.

“நாலைத் தவிர அதெல்லாம் தீர்ந்துபோன குறைம்மா. தீர்ந்ததையும் நானே எதிர்ல எழுதியிருந்தேன். அதை வெட்டிட்டுக் கொடுத்திருக்காங்க.”

“யாரு வெட்டினது?”

“என் சிநேகிதி” என்றாள் மாமியார், அறை முழுக்கக் கேட்கும்படி. பிறகு ஒவ்வொரு குறையாக, அது எப்படித் தீர்ந்தது என்று அந்தப் பெண்ணை எழுதிக்கொள்ளச் சொல்லி நிதானமாகச் சொன்னாள். பிறகுதான் போனை வைத்தாள்.

சிநேகிதி எழுந்து வந்து மேசைக்கு முன் நின்றாள். முகம் சிவந்திருந்தது.

“என்னையா சொன்னே?”

“இல்லை. முன்னாடி எனக்கு ஒரு சிநேகிதி இருந்தா. அவளைச் சொன்னேன்.”