தேவா மாஸ்டர் கிளாஸைத் தூக்காத ஞாயிற்றுக்கிழமை

அன்றைக்கு வீடியோ காலில் இருந்தவர்கள் ஐந்து பேர். படப்பை வாடகை அறையில் தேவா மாஸ்டர் என்கிற தேவசகாயம். அவருக்கு இரண்டு தெரு தள்ளி, பந்தி பரிமாறுகிற ஸ்டெல்லா. வல்லக்கோட்டையில் தோசை போடுகிற முருகேசன். ஒரகடம் ஹாஸ்டலில் ஸ்டோர் பார்த்த பாண்டி. பென்னலூரில், என் மகள் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டுப் போன போனுக்கு முன்னால், காய் நறுக்குகிற கன்னியம்மாவாகிய நான். ஐந்து பேரும் ஐந்து இடத்தில் இருந்தாலும் ஒரே மேசை என்பார் மாஸ்டர். அவர் செத்த செய்தி உங்களுக்கெல்லாம் யாராவது சொல்லி வந்திருக்கும். எங்களுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம்.

மாஸ்டர் கையால் சாப்பிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மூன்றாவது வரை படித்தவள். பிழையிருந்தால் ஸ்டெல்லா திருத்துவாள். விஷயத்தைத் திருத்தினால் கையை உடைப்பேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒரகடத்தில் நாங்கள் வேலை பார்த்த கம்பெனி கேன்டீனுக்கு அவர் வந்த முதல் நாளே எனக்கும் அவருக்கும் ஆகவில்லை. தூத்துக்குடிக்காரர். கப்பலில் சமையல்காரராகப் போய், முதலாளி கப்பலை அம்போ என்று விட்டுவிட, இஸ்தான்புல் ஊரில் மாட்டிக்கொண்டு, அங்கே ஒரு சாராயக்கடை அடுப்படியில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவர். நான் சுட்டு வைத்த கத்திரிக்காயை விரலால் அமுக்கிப் பார்த்தார். “ஆச்சி, இது கத்திரிக்காயா, காய்ச்சக்காரன் மொகமா? தோலு கரியாவுற மட்டும் சுடணும்.”

“கரியாத்தான் வோணும்னா சுடுகாட்டாண்ட போய் நில்லு,” என்றேன்.

அடுப்படியே நடுங்கியது. மாஸ்டர் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தக் காய்ச்சக்காரன் பேச்சை இன்றைக்கும் மறக்கவில்லை.

பிறகு கான்ட்ராக்ட் கை மாறியது. எங்கள் ஆட்களை மூலைக்கு ஒருவராகப் பிய்த்துப் போட்டார்கள். மாஸ்டருக்குத் தனியாகச் சாப்பிட வராது. ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லோரும் போனில் வந்து உட்காரவேண்டும் என்று சட்டம் போட்டார். டர்க்கிக்காரன் சாராயக்கடைக்கு மெய்ஹானே என்று பேராம். “இங்கன கடையில குடிக்கவன் சுவத்தப் பாத்துக் குடிக்கான். அங்கன ஆளு மொகத்தப் பாத்துக் குடிப்பான்வே,” என்பார். அங்கே மேசைக்கு வெள்ளைத் துணி விரிப்பார்களாம். சின்னச் சின்னத் தட்டில் பூண்டு போட்ட தயிர், சுட்ட கத்திரிக்காய், வெந்த பயறு. மேசைக்குப் பெரியவர் எழுகிறவரை ஒருவரும் எழக்கூடாது. அந்த ஊர்ச் சாராயம் சோம்பு வாசம் அடிக்குமாம், தண்ணீர் விட்டால் பாலாக வெளுக்குமாம். எங்களுக்குச் சோம்புத் தண்ணீரில் ஒரு கரண்டி பால். பாண்டி கிளாஸில் வேறென்னவோ இருக்கும். அது அவன் கல்லீரல் பாடு.

“இன்னா மாஸ்டர், வூட்ல குந்திக்கினு போனைப் பாத்துத் தின்றதுக்குப் பேரு சாராயக்கடையா?” என்று முருகேசன் கேட்டான்.

“ஒன் மூஞ்சிய வாரம் ஒருக்கா பாக்கதுக்கு வேற என்ன சாக்குவே இருக்கு?” என்றார்.

அந்தக் கடையில் இன்னொரு வழக்கம் உண்டு. கிளாஸோடு கிளாஸ் முட்டிய பிறகு, அடியை மேசையில் ஒருமுறை தட்டி வைப்பார்கள். வராதவர்களுக்காகவும் செத்தவர்களுக்காகவும் அது. மாஸ்டர் அங்கே மாட்டியிருந்தபோதுதான் இங்கே அவர் மனைவி ரோஸ்மேரி இறந்துபோனாள். வர வழியில்லை. முன்பின் தெரியாத டர்க்கிக்காரர்கள் கடை முழுக்க அவளுக்காகக் கிளாஸைத் தட்டினார்களாம். அதனால் எங்கள் மேசையிலும் அவர் கிளாஸை வைத்துத் தலையைக் குனிந்தால், நிமிர்கிறவரை யாரும் பேசக்கூடாது.

ஒரு ஞாயிறு நான் பேசினேன். “பொண்டாட்டி பொணத்தப் பாக்க வராதவனுக்கு இப்போ சடங்கு ஒண்ணு கேடா?”

ஸ்டெல்லா அழுதுவிட்டாள். மாஸ்டர் கிளாஸைத் தூக்கிக் குடித்தார். “அடுத்த தட்டு என்ன முருகேசா?” என்று கேட்டார். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அவர் கிளாஸை வைக்கும் நேரத்தில், என் போனில் மைக் படத்தின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. என் பேச்சு யாருக்கும் போகவில்லை. அதைத் திறக்கிற வித்தை எனக்குத் தெரியாது. பாண்டி வேலை என்று நினைத்தேன். போன் வித்தை தெரிந்தவன் அவன்தான்.

அதன்பின் வாராவாரம் இதே கதை. மாஸ்டர் செத்த அன்றைக்கும் கோடு விழுந்தது. மாஸ்டர் கிளாஸை வைத்தார், குனிந்தார். ஸ்டெல்லா சர்ச்சில் மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டாள். முருகேசன் தலையைக் குனிந்தபடி பயறைப் பொறுக்கினான். எனக்குக் கண்ணை மூடுகிற வழக்கமில்லை. மேசையில் மாஸ்டர் பிடித்திருந்த கிளாஸ் சாய்ந்தது. வெள்ளைத் தண்ணீர் மேசைத் துணியில் ஓடி அவர் சட்டைக் கையை நனைத்தது. கை நகரவில்லை.

கத்தினேன். போனை அறைந்தேன். என் கிளாஸைக் கவிழ்த்துக் காட்டினேன். பாண்டி என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்தான். முருகேசன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். கிழவிக்கு வழக்கம்போல வெறி என்று நினைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக் குக்கர் ஏழு விசில் விட்டது. எண்ணினேன்.

கடைசியில் ஸ்டெல்லா கண்ணைத் திறந்து, “மாஸ்டர்?” என்றாள். ஓடினாள். கொஞ்சநேரத்தில் போனில் மாஸ்டர் தெரிகிற கட்டத்துக்குள் வந்து, மேசையில் கவிழ்ந்திருந்த அவர் முகத்தைத் தூக்கினாள். துணி கன்னத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அதுவும் போனது. “கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?” என்று டாக்டர் ஸ்டெல்லாவைக் கேட்டாராம்.

முப்பதாம் நாள் ஜெபத்துக்குப் படப்பை போனேன். வாசலிலேயே பாண்டி சட்டையைப் பிடித்தேன். “உன் கை வெளங்குமாடா?”

“அடிங்க அப்பத்தா. வெரல வச்சு ஒங்கள அடக்குனதுக்கு அடிங்க. ஆனா மைக்க நான் அமுக்கல.”

“வேற எவன் அமுக்கினான்?”

“கூட்டத்தக் கூட்டுன ஆளு போன்லருந்துதான் அமுக்க முடியும். கிளாஸ வைக்கிறதுக்கு முன்னாடி மாஸ்டர்தான் ஒங்க மைக்க அமுக்குவாரு. ‘ஆச்சி வாயத் தொறந்தா ரோஸ்மேரிய இழுத்துருவாவே’ம்பாரு. ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு.”

சட்டை என் கையோடு கிழிந்து வந்தது. பிறகு நானே தைத்துக் கொடுத்தேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஞாயிறு ஐந்து மணி. நாலு பேரும் இன்னும் வந்து உட்காருகிறோம். முதலில் எழ ஆள் இல்லாததால் யாருக்கும் எழத் தெரியவில்லை. போனில் சார்ஜ் தீர்கிறவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ரோஸ்மேரி பேச்சை நான் எடுத்தது தப்பு. அதற்கு என்னைத் திட்டியிருக்கலாம். மேசையை விட்டே துரத்தியிருக்கலாம். கூடவே உட்கார வைத்து, வாயைக் கட்டி, சாவதைப் பார்க்க வைத்தார். அந்த மேசையில் அவர் குனிந்திருக்கும்போது அவரையே பார்த்திருக்கிறவள் நான் ஒருத்திதான். அது அவருக்கும் தெரியும். சிரித்த முருகேசனை மன்னித்துவிட்டேன். விரல் வைத்த பாண்டியையும் மன்னித்துவிட்டேன். மன்னிக்காதது ஒரே ஆளை. தேவசகாயத்தை.