ஈசானிய மூலைத் தண்ணீர்த் தொட்டி

எங்கள் பக்கம் பழைய லாரி வாங்குகிற கூத்தைப் பார்த்தால் பெண் பார்ப்பதெல்லாம் ஒன்றுமே இல்லை. என் வீட்டுக்காரர் வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்துவிடுவார். எங்காவது உடைந்து வெல்டிங் வைத்திருக்கிறதா என்று விரலால் தடவுவார். ஆயிலைத் தொட்டு மோந்து பார்ப்பார். மெக்கானிக்கையும் பாடி கட்டுகிறவரையும் கூட்டிப்போய் ஒரு நாள் முழுக்கக் குடைந்தெடுப்பார். விற்கிறவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அதே மனிதர் வீடு வாங்கக் கிளம்பியபோது கூட்டி வந்தது ஒரே ஒருவரை, வாஸ்துக்காரரை.

எனக்கு அப்போதே எரிச்சல். நாங்கள் குடியிருந்தது நாமக்கல்லில் ஒரு மாடி வீடு, வாடகைக்கு. மகள் நிறைமாதமாக இருந்தாள். அவள் பிள்ளையோடு வந்து இறங்கத் தரையோடு ஒரு வீடு வேண்டும் என்பதுதான் எங்கள் அவசரம். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டப் போகிற வீடு என்பதால் எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர் மேலேயே இருந்தது.

திருச்செங்கோடு ரோட்டில் இருந்த அந்த வீட்டுக்குப் புதுசாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். உள்ளே சாம்பிராணிப் புகை. பட்டப்பகலில் இவ்வளவு சாம்பிராணி எதற்கு என்று மூக்கை உறிஞ்சினால், புகைக்கு அடியில் இன்னொரு வாடை. ஆண்கள் சோபாவில் உட்கார்ந்து டீசல் விலை பேசினார்கள். வாஸ்துக்காரர் திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மூலை மூலையாகத் தலையாட்டினார். வீட்டுக்காரம்மா எவர்சில்வர் டம்ளரில் காப்பி கொண்டுவந்தாள். குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

பிறகு எழுந்து பாத்ரூம் கதவைத் திறந்தேன். தண்ணீர் போகும் ஓட்டையில் முடியும் சோப்பு நுரையும் சேர்ந்து கறுப்பாக ஒரு கட்டி. சுவரில் ஈரம் ஏறி, அதன் மேலேயே பெயிண்ட் அடித்ததால் கொப்புளம் கொப்புளமாக உப்பியிருந்தது. ஒன்றைத் தொட்டேன். உடைந்து விரலில் பழுப்பாக ஒழுகியது.

என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து பல்லைக் கடித்தார். "ஊடு பாக்க வந்த எடத்துல கக்கூசயா புள்ள எட்டிப் பாப்பாங்க? அவிய என்ன நெனைப்பாங்க?"

லாரிக்கு அடியில் படுத்துப் பார்க்கிறவருக்கு இங்கே மானம் போகிறதாம். நான் வெளியே வந்து, வாசலுக்கு வலப்பக்கம் ஈசானிய மூலையில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் இரும்பு மூடியை இழுத்தேன். சாம்பிராணி மறைத்து வைத்திருந்த வாடை முகத்தில் அறைந்தது. செல்போன் வெளிச்சத்தைக் காட்டினேன். தண்ணீர் மேல் எண்ணெய் மாதிரி ஒரு படலம். பக்கச் சுவரில், பாத்ரூம் இருந்த திசையில், கைப்பிடி சிமெண்ட் வைத்து அடைத்த ஒரு பெரிய குழாய் வாய். அந்த அடைப்பின் ஓரமாகக் கசிந்துகொண்டிருந்தது.

"இதென்னங்க குழா?" என்று வீட்டை விற்கிறவரைக் கேட்டேன். அந்த மனுஷர் ஒளிக்கவே இல்லை. பெருமையாகவே சொன்னார்.

"முன்னால இங்கதானுங்க செப்டிக் டேங்க் இருந்துச்சு. ஈசானியத்துல அது ஆகாதுன்னு வாஸ்துல சொல்லிப்போட்டாங்க. அதை வாயு மூலைக்கு மாத்திட்டு, ஈசானியத்துல தண்ணி இருந்தா நல்லதுன்னு இதையே நல்லாக் கழுவிப் பூசித் தொட்டியாக்கிட்டோமுங்க."

வாஸ்துக்காரர் தலையாட்டினார். "மூலை இப்ப சுத்தமாயிருச்சுங்க."

"இந்தத் தண்ணியத்தான் குடிக்கிறீங்களா?" என்றேன்.

"ஐயையோ, இல்லீங்க அக்கா!" வீட்டுக்காரம்மா பதறிப்போனாள். "குடிக்க, சமைக்கக் கேன் தண்ணீங்க. இது சும்மா பொழங்கறதுக்குத்தானுங்க. குளிக்க, பாத்திரம் கழுவ."

அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வாய்க்கு ஆகாது என்று தெரிந்த தண்ணீரில் குளித்துவிட்டு, அதையே எங்கள் தலையில் கட்டவும் பார்த்திருக்கிறார்கள். அழுக்கைக்கூட மன்னிக்கலாம், இந்த நாறின மனசை எப்படி மன்னிப்பது?

என் வீட்டுக்காரர் அப்போதுதான் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஆயிலைப் பார்ப்பதுபோலவே விரலை நனைத்து மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகம் கோணியது. "கையக் கழுவிக்குங்கண்ணா" என்று அவர்கள் குழாயைத் திறந்துவிட்டார்கள். அவர் குழாயைப் பார்த்தார், கையைப் பார்த்தார். வெள்ளை வேட்டியில் அழுத்தித் துடைத்துக்கொண்டு காருக்கு நடந்தார். "நல்ல நேரம் முடியறதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க" என்று வாஸ்துக்காரர் பின்னாலேயே கத்தினார்.

கொஞ்ச தூரம் போனதும் இவர் வாயைத் திறந்தார். "லாரின்னா அடியில படுத்திருப்பேன் புள்ள. ஊடாச்சேன்னு சோபாவுல உக்காந்துட்டேன். பாப்பா மாடி ஊட்டுக்கே வரட்டும், கொழந்தைய நான் தூக்கிட்டு ஏறுறேன்."

எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. பிள்ளை அந்தத் தண்ணீரிலிருந்து தப்பித்தது என்ற நிம்மதி மட்டும் இருந்தது. அந்த வீட்டுக் காப்பியின் ருசி இன்னும் நாக்கில் நின்றது. காப்பி கேன் தண்ணீரில் போட்டதுதான், பயமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டம்ளர் ஞாபகம் அப்புறம்தான் வந்தது.

"வண்டிய நிறுத்துங்க" என்று கத்திக்கொண்டே கதவைத் திறந்தேன்.