வார்டன் அன்பாகக் கூப்பிட்டால்

விடுதி வார்டனுக்கென்றே செய்த குரல் என்னுடையது. வராந்தாவின் இந்த முனையில் நின்று "டேய்" என்றால், அந்த முனையில் பல் தேய்க்காமல் படுத்திருப்பவன் எழுந்து தேய்த்துவிடுவான். அதே "டேய்" எதிரே இருக்கும் கோட்டை மலையில் மோதித் திரும்பி வந்து என்னையும் ஒருமுறை அதட்டும். செஞ்சியில் பாறைக்குப் பஞ்சமில்லை.

போன வருஷம் எங்கள் பள்ளியில் 'மாணவர் நலப் பொறுப்பாளர்' என்று ஒரு பதவி புதிதாக முளைத்தது. யாருக்கு விருப்பம் என்று மீட்டிங்கில் கேட்டபோது எல்லோரும் குனிந்து செருப்பைப் பார்த்தார்கள். நான் மட்டும் தண்ணீர் டேங்க் மூடியைத் திறந்துகொண்டிருந்த குரங்கை ஜன்னல் வழியாகப் பார்த்து, விரட்டுவதற்காகக் கையைத் தூக்கினேன். பதவி எனக்குக் கிடைத்தது.

திண்டிவனத்தில் ஒருநாள் பயிற்சி. பிள்ளைகளிடம் மனசைத் தொடும் விஷயம் எதைச் சொல்வதானாலும் தனியாகக் கூப்பிட வேண்டும், நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும், சாப்பிட ஏதாவது கொடுக்க வேண்டும், குரலைத் தாழ்த்த வேண்டும் என்று பயிற்சி கொடுத்த அம்மா சொன்னார். குரலைத் தாழ்த்துவதுதான் எனக்குக் கஷ்டம். வீட்டுக்கு வந்ததும் என் மனைவியிடம் பழகிப் பார்த்தேன். "சாப்டியாம்மா?" என்று பூனைக்குட்டிபோல் கேட்டேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாத்த ஒடச்சிட்டு வந்தீங்க?" என்றாள். புத்தியுள்ளவன் அங்கேயே நிறுத்தியிருப்பான்.

எங்கள் விடுதியில் அனந்தபுரம் பக்கத்திலிருந்து வந்த ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் இருந்தான். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையைத் தூக்கித் தூக்கி, நைனா என்று அவன் கூப்பிடும் அப்பாவுக்குக் குடலிறக்கம் வந்து, புதுச்சேரியில் ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது. சின்ன ஆபரேஷன்தான். ஆனால் அடுத்தவர் வயிற்றில் செய்தால்தான் அது சின்னது. நைனா வயிற்றில் செய்தால் பெரியது. ஆபரேஷன் அன்று சனிக்கிழமை. காலையில் பையன் பொங்கலைத் தொடவில்லை. மத்தியானம் அவன் அம்மா எனக்குப் போன் செய்து, நல்லபடியாக முடிந்தது, கண் விழித்துவிட்டார், பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள் என்றார்.

பழைய வார்டனாக இருந்தால் வராந்தாவில் நின்று, "டேய், உங்க நைனா நல்லாருக்காராம், போய்த் தின்னு" என்று கத்தியிருப்பேன். வேலை முடிந்திருக்கும். ஆனால் நான் இப்போது பயிற்சி பெற்றவன்.

பையனை என் அறைக்கு ஆள் விட்டுக் கூப்பிட்டேன். நாற்காலியில் உட்கார வைத்தேன். டீயும் இரண்டு பிஸ்கட்டும் வைத்தேன். எதிரே உட்கார்ந்து, முகத்தை முடிந்தவரை கனிவாக வைத்துக்கொண்டு, "சாப்டியா கண்ணு?" என்றேன்.

அவன் பிஸ்கட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு வாயைத் திறந்து, கோட்டையே விழுந்துவிட்டதுபோல் ஓர் அழுகை அழுதான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஜன்னலில் ஏற்கெனவே நாலைந்து தலைகள். அதில் ஒரு பிளஸ் ஒன் பையன்தான் எனக்கு விளக்கினான். "சேர் போட்டு ஒக்கார வெச்சி, டீ பிஸ்கட் குடுத்து, சாப்டியான்னு கேட்டா, வீட்ல யாரோ பூட்டாங்கன்னு அர்த்தம் சார். எங்க எல்லாருக்கும் தெரியும்."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். எனக்கு முன்னால் இருந்த வார்டன்களும் சரி, நானும் சரி, இந்த விடுதியில் ஒரு பையனை நாற்காலியில் உட்கார வைத்துப் பேசியது துக்கச் செய்தி சொல்ல மட்டுந்தான். மற்ற எல்லாச் செய்திக்கும் நிற்க வைத்துத் திட்டுவதே வழக்கம்.

"டேய், உங்க நைனாவுக்கு ஒண்ணும் இல்லடா. நல்லா இருக்காரு" என்றேன்.

அழுகை இரண்டு மடங்கானது. பிளஸ் ஒன் பையன் தலையை ஆட்டினான். "அதையும் சொல்வீங்க சார். போன தடவ ஒருத்தனுக்கு, ஒண்ணும் இல்ல, சும்மா பாத்துட்டு வான்னுதான் அனுப்புனீங்க. அவன் போயி எறங்குனா வாசல்ல பந்தல்."

நான் சிரித்துக் காட்டினேன். ஆறுதலுக்காகச் சிரிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அதற்குள் அறைத் தோழர்கள் அவன் துணிகளை மடித்துப் பையில் போட்டு, மேலே ஒரு துண்டும் வைத்துக் கொண்டுவந்துவிட்டார்கள். புதுச்சேரிக்கு எந்த பஸ் சீக்கிரம் போகும் என்று ஒரு கூட்டம் வாதாடிக்கொண்டிருந்தது. மெஸ்ஸில் சாயங்காலத்துக் கேசரி வேண்டாமென்று யாரோ சொல்லி, மாஸ்டரும் அடுப்பை அணைத்துவிட்டார். எனக்கு அது தனித் துக்கம்.

அவன் அம்மாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஒவ்வொரு முறை அடித்து ஓயும்போதும் பையன் என் முகத்தைப் பார்த்தான். எனக்கே லேசாகச் சந்தேகம் வந்துவிட்டது.

கடைசியில் அங்கிருந்தே போன் வந்தது. பேசியது நைனாவேதான். ஸ்பீக்கரில் போட்டேன். தையல் வலி போலிருக்கிறது; மனிதர் பஞ்சு மாதிரி ஒரு குரலில், "கண்ணு... சாப்டியா கண்ணு?" என்றார்.

பையன் போனைத் தள்ளினான். "எங்க நைனா இப்டி பேச மாட்டாரு சார். இது வேற யாரோ. பேச வெச்சி ஏமாத்துறீங்க."

ஜன்னலில் இருந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஒரு நல்ல மனிதர் உயிரோடு இருக்கிறார், அதை அவரே சொல்லியும் நிரூபிக்க முடியவில்லை. போன வாரம் இந்தப் பையன் என்னிடம் ஒன்றைச் சொல்லி, நைனாவுக்குத் தெரியக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தான். பிள்ளைகள் நம்மிடம் சொல்லும் ரகசியத்தை உயிர் போனாலும் வெளியே விடக்கூடாது என்பதும் திண்டிவனத்தில் சொல்லிக் கொடுத்ததுதான். இங்கே உயிர் போகவில்லை என்பதுதானே பிரச்சினை. நான் போனை வாய்க்கருகில் பிடித்தேன்.

"ஐயா, நீங்க புதுசா வாங்கிக் குடுத்த வாட்ச் இருக்குதில்ல, அத கழட்டிப் படிக்கட்டுல வெச்சிட்டு வெளையாடியிருக்கான். கொரங்கு தூக்கினு மலைமேல பூடுச்சி."

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு வந்தது பாருங்கள். "டேய் எரும. கண்ணு முன்னால இருக்கற சாமானப் பாத்துக்கத் துப்பில்ல, உனக்கு வாட்சு ஒரு கேடா? கொரங்குக்கு இன்னாடா மணி தெரியணும்?" நடுவில் தையலைப் பிடித்துக்கொண்டு ஒரு முனகல். உடனே விட்ட இடத்திலிருந்து மறுபடி. பின்னணியில் அவன் அம்மா கத்தினார். நர்ஸ் இருவரையும் சேர்த்துக் கத்தினார். என் குரலெல்லாம் அதன் முன்னால் தூசு.

பையன் முகம் மெல்ல விரிந்தது. மூக்கைப் பையிலிருந்த துண்டில் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்: "நைனாதான்."

ஜன்னலில் கைதட்டல். ஒருவன் கேசரியைக் காப்பாற்ற மெஸ்ஸுக்கு ஓடினான். பையன் இரண்டு பிஸ்கட்டையும் ஆறிய டீயில் நனைத்துத் தின்றான். அதன் பிறகுதான் அவனுக்கு மற்ற விஷயம் உறைத்திருக்க வேண்டும். மெல்ல நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"சார், நைனாவ எப்ப டிஸ்சார்ஜ் பண்ணுவாங்க?"

திங்கட்கிழமை என்றேன்.

"இன்னும் ஒரு வாரம் ஆஸ்பத்திரில வெச்சி நல்லா பாத்துக்கச் சொல்லுங்க சார்."