மலையிறங்க ஒரு மயக்கம்

போடியில் வைத்தியம் பார்க்கிறவன் நான். முன்கோபி என்று ஊரே சொல்லும், பொய்யில்லை. நோயாளி உண்மையை மறைத்தால் எனக்குச் சுர்ரென்று ஏறிவிடும்.

ராசிங்காபுரத்துப் பெண் அவள். சின்ன வயது, கைக்குழந்தை வேறு. அடிக்கடி வேர்த்துக் கொட்டி, நினைவு தப்பி, ஆட்டோவில் தூக்கி வருவார்கள். ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்தில் கிடக்கும். சர்க்கரை நோயோ, அதற்கான மருந்தோ அவளுக்குக் கிடையாது. கணையத்தில் கட்டியோ என்று பயந்து போனேன்.

ஒருமுறை மயக்கத்தில் இருக்கும்போதே ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பினேன். உடம்பு தானாக இன்சுலின் சுரந்தால், கூடவே சி-பெப்டைடு என்றொரு பொருளும் ரத்தத்தில் சேரும். ஊசியில் போன இன்சுலினுக்கு அந்தத் துணை இருக்காது. முடிவு வந்தது. இன்சுலின் எக்கச்சக்கம், சி-பெப்டைடு இல்லவே இல்லை; ஊசியில் போனதுதான். அவள் மாமியார் தன் சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறவர் என்பது அப்போதுதான் உறைத்தது. கட்டியில்லை என்று ஆறுதல்படாமல் கொதித்துப் போனேன்.

"உசுரோட வெளையாடுறியா, ஆத்தா? ஊசிய யாரு போட்டது?"

"நாந்தே சார்," என்றாள், குழந்தையைப் பார்த்துக்கொண்டே. "ஏலக்கா எடுக்குற காலத்துல எவ்வீட்டுக்காரர லீவுல விடமாட்டாக. ஆஸ்பத்திரிச் சீட்டப் போட்டோ புடிச்சு அனுப்பினாத்தே ஜீப்புல ஏத்தி விடுவாக."

கணவனுக்கு மலைமேல், மெட்டுக் கணவாய்க்கு அப்பால், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை. அடுப்பை விட்டு நகரக் கூடாது.

"அவருகிட்ட சொல்லிராதீக. வெறுத்துருவாரு."

"சொல்லாட்டி நீ செத்துருவ," என்றேன். வெகுநேரம் அழுதுவிட்டுத் தலையாட்டினாள்.

இந்தமுறையும் சீட்டைப் பார்த்து மலையிறங்கி வந்து வெளியே நின்ற கணவனை உள்ளே கூப்பிட்டேன். சட்டையெல்லாம் ஏலக்காய் வாசம். நான் சொன்னதைக் கேட்டு அவன் அதிரவில்லை.

"தெரியும் சார். மருந்து வெரசாத் தீருதுன்னு எங்கம்மா அப்பவே சொல்லுச்சு. வெல்லத் தண்ணி குடுத்தா எந்திரிச்சுரும்னு நெனச்சேன். எனக்கும் இதுகளப் பாக்கணும்ல?"

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"ஒருநா வெல்லத் தண்ணிக்கு எந்திரிக்காது, தம்பி. பொணத்தப் பாக்கத்தான் வருவ."

அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். வெளியே மலைக்குத் திரும்பும் ஜீப் ஹாரன் அடித்தது.

"மருந்த இனி பூட்டி வைக்கச் சொல்றேன் சார்," என்றான். வாசல்வரை போய்த் திரும்பினான். "அப்ப, நான் என்ன சொல்லிட்டு எறங்கி வர்றது?"